என் நிக்காஹ்வும் இருபதடி ரப்பர் குழாயும்

எண்பதுகளின் தொடக்கத்தில் பழவேற்காட்டில் பெண்கள் பக்கம் படமெடுக்க என்னைவிட்டால் ஆள் கிடையாது. கடைத்தெருவில் வாப்பா ஸ்டூடியோ வைத்திருந்தார். கல்யாண வீடுகளில் ஆண்கள் கூட்டத்தை அவர் எடுப்பார். பெண்கள் இருக்கும் அறைக்குள் அவர் வர முடியாது என்பதால், பதினாறு வயதிலேயே என் கழுத்தில் ஒரு கேமராவை மாட்டி உள்ளே அனுப்பிவிட்டார். அதிலிருந்து எத்தனையோ மணப்பெண்களின் தாடையைப் பிடித்து நிமிர்த்தியிருக்கிறேன்.

எனக்கே நிக்காஹ் பேசி முடித்த பிறகுதான் உறைத்தது. என்னை யார் எடுப்பது?

"தங்கச்சி அமுக்கட்டுமே" என்றார் உம்மா.

அவள் அமுக்குவாள்தான். ஆனால் கேமராவுக்குப் பின்னால் நிற்பவள் படத்தில் விழமாட்டாள். ஊரையெல்லாம் படம் பிடித்த வீட்டில் உம்மாவும் தங்கச்சியும் நானும் சேர்ந்த படம் ஒன்றுகூடக் கிடையாது. எப்போது கூப்பிட்டாலும் உம்மாவுக்குக் கை ஈரமாக இருக்கும். இந்த முறை விடுவதாக இல்லை என்று வாப்பாவிடம் சொன்னேன்.

அடுத்த வாரம் அவர் மெட்ராஸ் போய், ஒரு பழைய சாமான் கடையிலிருந்து அந்தப் பொருளைக் கொண்டுவந்தார். எலுமிச்சம்பழ அளவில் ஒரு ரப்பர் பந்து. அதிலிருந்து இருபதடிக்கு மெல்லிய குழாய். குழாயின் மறுமுனையில் விரல் நுனியளவு ஒரு பித்தளை உருளை. அதைக் கேமராவின் பொத்தானில் திருகிவிட்டு, தூரத்தில் உட்கார்ந்து பந்தை அமுக்கினால் போதும். காற்று ஓடிப் போய் உருளைக்குள் இருக்கும் ஊசியைத் தள்ளும், ஊசி பொத்தானை அமுக்கும், படம் விழும். அப்படித்தான் கடைக்காரர் சொன்னாராம்.

ஃபிலிம் போடாமல் அன்றே சோதித்தோம். தங்கச்சி கேமராவில் காதை வைத்துக்கொண்டாள். நான் கூடத்தின் மறுகோடியில் உட்கார்ந்து அமுக்கினேன்.

"கேட்டுச்சா?"

"இல்ல லாத்தா."

மறுபடி அமுக்கினேன். அவள் காதை எடுத்துவிட்டு என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிய நேரத்தில் 'டிக்' என்றது. பத்துத் தடவை அமுக்கினால் நாலு தடவை சத்தமே இல்லை. மீதி ஆறும் தாமதம். அதற்குள் மணப்பெண் கண்ணை மூடிவிடுவாள், மாமியார் திரும்பிவிடுவார்.

நிக்காஹ்வுக்கு எட்டு நாள் இருந்தது. வீட்டில் எல்லோரும் பலகாரத்துக்கு மாவு இடிக்க, நாங்கள் இருவரும் குழாயோடு மல்லுக்கட்டினோம். முதலில் சைக்கிள் கடையில் பஞ்சர் பார்ப்பதுபோல, அண்டாவில் தண்ணீர் நிரப்பிக் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக முக்கி அமுக்கினோம். ஏழெட்டு அடி தாண்டியதும் கடுகு கடுகாகக் குமிழி வந்தது. அந்த இடத்தில் பஞ்சர் ஒட்டினோம். அதன் பிறகு எல்லாத் தடவையும் சத்தம் வந்தது, ஆனால் தாமதம் போகவில்லை.

அடுத்து பித்தளை உருளையைக் கழற்றினேன். ஊசி முழுக்கப் பச்சையாகக் களிம்பு. ஏரியின் உப்புக்காற்று கதவுத் தாழ்ப்பாளையே அரிக்கும் ஊரில், எந்தக் காலத்துப் பித்தளையோ என்ன செய்யும்? புளி போட்டுத் தேய்த்து, துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். தாமதம் பாதியாகக் குறைந்தது.

மிச்சப் பாதிக்குக் காரணம் மருதாணியால் தெரிந்தது. இரண்டு கையிலும் மருதாணி வைத்து என்னை உட்கார்த்திவைத்திருந்தார்கள். சும்மா இருக்க முடியாமல் பந்தைக் காலால் இழுத்து, குதிகாலால் ஒரு மிதி மிதித்தேன். மிதித்த கணமே 'டிக்'! தங்கச்சி துள்ளிக் குதித்தாள். பொத்தானை மெதுவாக அமுக்கியே பழகிய என் கை, பந்தையும் மெதுவாகவே அமுக்கியிருக்கிறது. அத்தனை நீளக் குழாய்க்கு அது போதவில்லை. பிறகு இருபது தடவை மிதித்தேன். இருபதும் சரியாக விழுந்தன.

"மாப்ளயும் இப்டி ஒரே மிதியில சொன்னபடி கேட்டா நல்லாருக்கும்" என்றாள் தங்கச்சி. உம்மா அடுப்படியிலிருந்து கரண்டியை ஆட்டினார்.

நிக்காஹ் அன்று கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, குழாயைச் சுவரோரமாகப் பாய்க்கடியில் கொண்டுவந்து, பந்தை என் பட்டுச் சேலைக்குள் குதிகாலடியில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு படத்துக்கும் தங்கச்சி எழுந்து போய் ஃபிலிமைச் சுற்றிவிட்டு ஓடிவந்து என் பக்கத்தில் உட்காருவாள். பள்ளிவாசலிலிருந்து நிக்காஹ் முடிந்த செய்தி வந்து பெண்கள் குலவையிட்டபோது ஒன்று மிதித்தேன், விழுந்தது. மாமியார் சங்கிலி போட்டபோது ஒன்று, அதுவும் விழுந்தது.

பிறகு உம்மா வந்து உட்கார்ந்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "சீக்கிரம்" என்றார். எட்டு நாளும் இந்தப் படத்துக்காகத்தான் பாடுபட்டோம். மிதித்தேன். சத்தமே இல்லை. இன்னும் அழுத்தி மிதித்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

தலையைக் குனிந்தபடியே தங்கச்சியிடம் முணுமுணுத்தேன். அவள் ஓடிப் போய்த் திருகைப் பார்த்தாள். "சரியாத்தான் இருக்கு லாத்தா!" என்றபடி திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

மனசு அண்டாத் தண்ணீருக்குப் போயிற்று. ஓட்டை இருந்தபோது அமுக்கினால் பந்து சொதசொதவென்று அமுங்கும். இப்போது கல் மாதிரி இருந்தது. அப்படியானால் காற்று எங்கும் கசியவில்லை, வழியில் அடைபட்டு நிற்கிறது. மணப்பெண் என்பதை மறந்து தலையைத் தூக்கிக் கத்தினேன்:

"யாரோ குழா மேல உக்காந்துகினு இருக்கீங்க!"

மாமியார் புடவையைத் தூக்கித் தன்னடியில் பார்த்துக்கொண்டார். சுண்ணாம்புக்குளத்திலிருந்து வந்த உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து பாயைத் தட்டினார்கள். சுவரோரத்தில் ஒருவர் மட்டும் அசையவில்லை. கோட்டைக்குப்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு நண்டு கொண்டுவரும் அக்கா அவர். ஏரியில் கையால் துழாவிப் பிடிப்பவர். அன்று புதுச் சேலை கட்டி, பூ வைத்து வந்திருந்தார்.

"அக்கா, கொஞ்சம் எந்திரிங்களேன்" என்றாள் தங்கச்சி.

"நான் எந்திரிக்க மாட்டம்மா. இங்க பாய்க்கடியில கவுறு மாதிரி இன்னாவோ கெடக்குது. புள்ளைங்க தடுக்கி உழுந்துடுமேன்னு, நானே மேல குந்திகினு இருக்கறேன்."

முதலில் சிரித்தது உம்மாதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் தோளில் சாய்ந்துவிட்டார். பிறகு அறை முழுவதும் சிரிப்பு. "இன்னாத்துக்கு சிரிக்கிறீங்க?" என்று கேட்டபடி அந்த அக்கா கையை ஊன்றி எழுந்தார்.

அவர் எழுந்ததுதான் தாமதம், 'டிக்' என்று ஃப்ளாஷ் அடித்தது. என் குதிகால் இன்னும் பந்தின் மேலேயே இருந்திருக்கிறது. அடைபட்டிருந்த காற்று வழி கிடைத்ததும் பாய்ந்துவிட்டது.

மூன்றாம் நாள் வாப்பாவின் இருட்டறையில் நானே பிரிண்ட் போட்டேன். மாப்பிள்ளை பக்கத்தில் நின்று, மருந்துத் தட்டில் படம் துலங்குவதை முதல்முறையாகப் பார்த்தார். நான் அண்ணாந்து வாய் திறந்து சிரிக்கிறேன், நெற்றிச்சுட்டி காதுப்பக்கம் போயிருக்கிறது. உம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு என் மேல் சாய்ந்திருக்கிறார். தங்கச்சி பாதி எழுந்தபடி. ஓரத்தில் அந்த அக்கா, ஒரு கை தரையிலும் மறுகை இடுப்பிலுமாக.

"பொண்ணுங்க பக்கம் இப்டியா இருந்துச்சு?" என்றார் அவர். "நாங்க அங்க பிரியாணி எப்ப வரும்னு மொறச்சிகினு உக்காந்திருந்தோம்."

மாமியாரிடம் காட்ட எனக்குப் பயம். புதுப்பெண் இப்படியா பல்லைக் காட்டுவாள் என்று கேட்பார் என நினைத்தேன். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு. பெருசா" என்றார்.

நண்டுக்கார அக்காவுக்கு நானும் மாப்பிள்ளையும் கோட்டைக்குப்பம் வரை நடந்து போய்ப் படத்தைக் கொடுத்தோம். அவர் அதை வாங்கிப் பக்கத்து வீடு, எதிர்வீடு எல்லாம் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத்தான் திரும்பி வந்தார். ஒவ்வொரு வாசலிலும் அவர் சொன்னது எங்களுக்கு நன்றாகவே கேட்டது:

"நான் எந்திரிச்சி நின்னேன் பாரு, அப்பத்தான் போட்டாவே உழுந்துச்சி!"