முத்துச்செல்வம் போட்ட ஜாமீன் கையெழுத்து

மஞ்சள் கடுதாசி கொடுத்தவன் மறுபடி மனுசனாக எத்தனை நாளாகும்? முத்துச்செல்வத்தைக் கேட்டால் நாலு வருடம் என்பார். அதுவும் ஒரு தவணைகூடப் பிசகாமல் இருந்தால்.

குற்றாலத்தில் லாட்ஜ் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் அவர். கொரோனா வந்து அருவிகளை மூடியதும் அடுத்தடுத்து இரண்டு சீசன் போயிற்று. கடன் கழுத்தை நெரித்தது. கோர்ட்டில் திவால் மனு போட்டுவிட்டார். அன்றிலிருந்து தென்காசி டீக்கடையில்கூட அவருக்கு முதலில் காசு, பிறகுதான் டீ.

ஆனாலும் மனிதர் விடவில்லை. இன்னொருவர் லாட்ஜில் மேனேஜர் வேலைக்குப் போனார். வங்கியில் இருபதாயிரம் டெபாசிட் போட்டு, அதன் பேரில் ஒரு கிரெடிட் கார்டு வாங்கினார். அதில் அரிசியும் எண்ணெயும் வாங்குவார். பில் வந்த அன்றே கட்டிவிடுவார். மாதாமாதம் போனில், கடன் நாணயத்துக்கு மார்க் போடும் சிபில் ஸ்கோரைப் பார்ப்பார். மகள் இசக்கிச்செல்வியின் பிளஸ் டூ மார்க்கைக்கூட அவ்வளவு பயத்தோடு பார்த்ததில்லை. எல்லாம் அவளுக்காகத்தான். நர்சிங் சீட் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும். கல்விக்கடனுக்குப் பெற்றோரில் ஒருவர் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். மனைவி ஜெயசித்ரா பேரில் ஏற்கெனவே மூன்று குழுக்கடன் ஓடுகிறது. மிச்சம் இவர்தான்.

போன மார்கழியில், வங்கி கடன் தரும் அளவுக்கு ஸ்கோர் எழுநூற்று இருபதைத் தொட்டது. அந்தச் சமயம் பார்த்துத்தான் இசக்கிப்பாண்டி வந்தான். ஐந்தருவியில் பழக்கடை போட்டிருப்பவன்.

"அண்ணாச்சி, பைனான்ஸ்ல கடன் கேட்டிருக்கேன். ஒரு ஜாமீன் கையெழுத்து வேணும்."

ஜாமீன் என்றதும் ஊரில் பாதிப் பேர் கொல்லை வழியாக ஓடுவார்கள். முத்துச்செல்வத்துக்கோ கழுத்தில் மாலை விழுந்த மாதிரி இருந்தது. நாலு வருடமாக ஒரு சாட்சிக் கையெழுத்துக்குக்கூட அவரை யாரும் கூப்பிட்டதில்லை. போதாக்குறைக்கு, அவர் மனு போட்டபோது, கடன் கொடுத்தவர்களில் வாசலில் வந்து கத்தாத ஒரே ஆள் இந்த இசக்கிப்பாண்டிதான். தாளைப் படிக்கக்கூட இல்லை, போட்டுவிட்டார். புத்தி கெட்ட மனுசன் என்று நாம் திட்டலாம். மதிப்பில்லாமல் நாலு வருடம் இருந்து பார்த்தால் தெரியும்.

இந்தச் செவ்வாய்க்கிழமை கல்விக்கடனுக்குப் போனபோது வங்கியில் அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீங்க ஜாமீன் போட்ட கடனுக்கு மூணு மாசமா தவணை வரல சார். உங்க ஸ்கோரும் இறங்கிட்டு. அதைச் சரிபண்ணாம லோன் போகாது."

சீசன் ஆரம்பித்துவிட்டதே, இசக்கிப்பாண்டி கையில் காசு புரளும் என்று நம்பி ஐந்தருவிக்குப் பஸ் ஏறினார். அங்கே வெள்ளப்பெருக்கு. பத்து நாளாகக் குளிக்கத் தடை, ஒரு கூட்டமும் இல்லை. கடையில் ரம்புட்டான் கறுத்துக் கிடந்தது.

"மூணு தவணையவாவது கட்டுலே. பிள்ளை படிப்பு நிக்குது."

"எதை வச்சுக் கட்ட அண்ணாச்சி? ஒரு கிலோ விக்கல." இசக்கிப்பாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நானே உங்களைப் பாக்கணும்னு இருந்தேன். உங்களுக்கு மஞ்சக் கடுதாசி போட்டுத் தந்த வக்கீல் யாரு? நம்பரு இருந்தாத் தாங்க."

இவன் மனு போட்டால் கடன் முழுதும் ஜாமீன் போட்ட முத்துச்செல்வம் தலையில் விடியும். போடாதே என்று சொல்ல அவருக்கு எந்த வாய் இருக்கிறது? தன்னை நம்பிக் கொடுத்தவர்களின் வயிறு அன்று எப்படி எரிந்திருக்கும் என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

போன் அடித்தது. மகள்.

"யப்பா, பேங்க்ல என்ன சொன்னாவ?"

"அடுத்த வருசம் பாப்போம்ட்டி."

"சரிப்பா" என்று வைத்துவிட்டாள்.

இசக்கிப்பாண்டி இன்னும் வக்கீல் நம்பருக்காக அப்படியே நின்றுகொண்டிருந்தான்.

"சொல்லுதேன், எழுதிக்கோ" என்றார் முத்துச்செல்வம்.