ராஜமதியின் மரக்காணம் நாடகம்

திண்டிவனம் பக்கத்து வல்லத்தில் மல்லாட்டை (வேர்க்கடலை) மண்டி வைத்திருந்த அப்பாண்டைராஜ் நயினார் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊரையே கூட்டிவிட்டார். அவர் மனைவி ராஜமதி எழுதிய சிரிப்பு நாடகம் ரேடியோவில் வரப்போகிறது. மண்டி வாசலில் மேசை போட்டு டிரான்சிஸ்டரை நிறுத்தி, வந்தவர்களுக்கெல்லாம் மோரும் கொடுத்தார். நாடகம் எதைப் பற்றி என்று மட்டும் அந்த மனிதர் கேட்கவில்லை. ராஜமதியும் சொல்லவில்லை. கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றிருந்தாள்.

கெட்டிக்காரி அவள். உலை கொதிக்கிற நேரத்தில் நாடகம் எழுதுகிறவளை வேறெந்த ஊரில் பார்க்க முடியும்? ஊரில் யார் எப்படிப் பேசினாலும் அச்சு அசலாக எழுதிவிடுவாள். இந்தத் தடவை எழுதியது புருஷனை.

எண்பத்து நாலாம் வருஷம் கோடை விடுமுறையில் பிள்ளைகளை மரக்காணம் கடலுக்கு அழைத்துப்போன கதை. திண்டிவனம் தாண்டியதும் பஸ் படுத்துக்கொண்டது. கடற்கரைக்குப் போய்ச் சேரவே சாயங்காலம். சமணக் குடும்பத்தில் பொழுது சாய்ந்தபின் சாப்பிடக் கூடாது. புளிச்சோற்றுத் தூக்கைத் திறந்த நேரம் பார்த்துச் சூரியனைக் கருமேகம் மூடியது.

"பொழுது போயிடுச்சி. யாரும் வாயில வைக்காதீங்க" என்றார் நயினார்.

"மேகங்க அது" என்றாள் ராஜமதி. கேட்டால்தானே! வலை உலர்த்திக்கொண்டிருந்த பவுனு என்கிற அம்மாளிடம் தூக்கோடு கொடுத்துவிட்டு வந்தார். மேகம் விலகியது. தென்னந்தோப்புக்கு மேலே சூரியன் ஜம்மென்று நின்றது. பிள்ளைகள் அதையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தன.

பெயர்களை மாற்றித்தான் எழுதியிருந்தாள். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? ரேடியோவில் சூரியன் வெளியே வந்ததும் மண்டி வாசலே குலுங்கிச் சிரித்தது. நாடகம் முடிந்தபின் வியாபாரி கிருஷ்ணசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "யாரு நயினாரே அந்த அவசரக்குடுக்கை?"

ராஜமதி கதவிடுக்கு வழியாகப் புருஷன் முகத்தை எட்டிப் பார்த்தாள். நாலு பேர் நடுவில் மனுஷனைத் தலைகுனிய வைத்துவிட்டோமே!

"நான்தான்யா" என்றார் அவர். "ஆனா கதை அதோட முடியல. சூரியனப் பாத்ததும் ஜல்தியா ஓடிப்போயி, 'தாயி, பசங்க பட்டினி, கொஞ்சம் மிச்சம் இருக்குதா'ன்னு கைய ஏந்திக்கினு நின்னேன். 'மீன் கொழம்ப ஊத்திப் பெசஞ்சிட்டேனே சாமி'ன்னுச்சி அந்தம்மா."

மறுபடியும் சிரிப்பு வெடித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு கதவுப் பக்கம் திரும்பினார்.

"எல்லாம் நல்லா எழுதிக்கினு வந்து அத்த மட்டும் ஏன் விட்டுட்ட? அதுலதான சிரிப்பே இருக்குது?"

"பசங்களுக்காக நீங்க கைய ஏந்திக்கினு நின்னீங்களே, எனக்கு அதுல சிரிப்பு வரலீங்க" என்றாள் ராஜமதி.