அப்பாவைக் கொல்லாத மனு

இரண்டாம் உலக யுத்த காலத்தில், கொல்லிமலை செம்மேட்டுச் சந்தையில் மனு எழுதிப் பிழைத்தவன் நான். சொந்த ஊர் மலையடிவாரத்தில், காரவள்ளிப் பக்கம். சந்தைக்கு முதல் நாளே மலையேறிவிடுவேன். பஸ்ஸாவது ரோடாவது, அப்போதெல்லாம் நடைதான். தோளில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் காகிதம், பேனாக் கட்டை, மைக்கூடு, கைநாட்டுக்கு மை, இவற்றோடு என் தலைக்கனம். தூக்க முடியாமல் தூக்கினது அந்தக் கடைசிச் சாமானைத்தான்.

இப்போது காலேஜுக்குப் போகிற பிள்ளைகள் உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பம் போடும்போது, "உன்னைப் பற்றி எழுது" என்று ஒரு பக்கம் கேட்கிறார்களாம். காலமெல்லாம் எழுதின கை என்று நம்பி என்னிடம் யோசனை கேட்க வருகிறார்கள். அந்த ஒரு பக்கத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அதை எப்படிக் கெடுப்பது என்பதுதான். அதையாவது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

1. நான் தொழில் கற்ற விதம்

முதல் நாள் என்னிடம் வந்தவர் பைல் நாட்டுக்காரர் ஒருவர் (மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு). அவருடைய மிளகுக் கொடி ஏறின மரத்தை ஃபாரஸ்ட் கார்டு வெட்டிவிட்டான் என்று புகார். பேச்சோடு பேச்சாக, தகப்பனார் போன மாதம்தான் தவறிப்போனார் என்றும் சொன்னார். எழுதக் கை வராமல் தவித்துக்கொண்டிருந்த எனக்கு அந்தச் சாவு நல்ல பிடியாக அகப்பட்டது. "மகாராஜராஜஸ்ரீ துரையவர்கள் திவ்ய சமூகத்துக்கு, தந்தையை இழந்து தரணியில் நாதியற்ற அடியேன்" என்று ஆரம்பித்து, பக்கம் முழுக்க அழுது தீர்த்தேன். மரம் கடைசி வரியில் வந்தது.

மனு பலித்துவிட்டது. அந்தக் கார்டை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அவனை மாற்றச் சொல்லி ஏற்கெனவே உத்தரவு போட்டிருந்தார்கள் என்பது வெகுநாள் கழித்துத் தெரிந்தது. அதற்குள் நான் தீர்மானமே பண்ணிவிட்டேன், அப்பா செத்தால் காரியம் நடக்கும் என்று. அன்றிலிருந்து என் பேனாவுக்கு எதிரே உட்கார்ந்தவன் யாராக இருந்தாலும் அவன் தகப்பனுக்கு ஆயுசு அவ்வளவுதான்.

எழுதி முடித்ததும் சத்தமாகப் படித்துக் காட்டி, சரிதான் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் கைநாட்டு வாங்க வேண்டும். அது தொழில் முறை. நான் படிக்கும்போது சந்தைக்கு வந்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் மூக்கைச் சிந்துவார்கள். அடடா, நம் எழுத்துக்கு என்ன சக்தி என்று எனக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

2. செல்லனின் விண்ணப்பம்

வளப்பூர் நாட்டுப் பொன்னன் தன் மகன் செல்லனைக் கூட்டிக்கொண்டு வந்தார். செல்லன் மலைக்குக் கீழே சமவெளி ஹாஸ்டலில் தங்கிப் படித்து எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணியிருந்தான். அடுத்தது சேலத்தில் காலேஜ். வீட்டில் சாமைக்கும் கேழ்வரகுக்கும் குறைவில்லை, பலா காய்த்துத் தள்ளும். ஆனால் மிளகைக் கொடுத்து உப்பும் துணியும் வாங்குகிற குடும்பம், கையில் காசாக எதுவும் நிற்காது. காலேஜ்காரன் ஃபீஸுக்குப் பலாப்பழம் வாங்கிக்கொள்வானா? நாமக்கல்லில் ஒரு கமிட்டி உபகாரச் சம்பளம் கொடுத்தது. அது கிடைத்தால் காலேஜ், கிடைக்காவிட்டால் ஏர். வேறு வழியே இல்லை. காகிதப் பஞ்சத்தில் ஆளுக்கு ஒரே விண்ணப்பத் தாள்தான் கொடுத்திருந்தார்கள். கடைசித் தேதி அடுத்த வாரம்.

செல்லன் தானே எழுதுவதாகத்தான் சொன்னான். நான் தாளை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். ஆபீஸ் தமிழ் வேறு, பள்ளிக்கூடத் தமிழ் வேறு என்று அவனுக்கு ஒரு பிரசங்கமும் செய்தேன். பொன்னனும் நான் சொல்வதையே ஆமோதித்தார். அன்று என் கை அப்படி ஓடியது! பசியால் வாடும் குடிசை, எரியாத அடுப்பு, கிழிந்த கந்தல், கண்ணீர் விடும் தாய். முடித்துவிட்டு, பொன்னனின் கட்டைவிரலில் மையும் தடவி வைத்துக்கொண்டு, குரலை ஏற்றி இறக்கிப் படித்தேன். கூட்டம் சேர்ந்துவிட்டது. பொன்னனுக்கே கண் கலங்கிவிட்டது.

"ஏனுங்க, அந்தப் பையன் எந்த நாட்டுப் பையனுங்க?" என்று கேட்டார். "கேக்கவே பாவமா இருக்குது. எங்கூட்டுல சாமை கெடக்குதுங்க, ஒரு மூட்டை தாரேன். அவங்கிட்டச் சேத்திருங்க."

வேறு யாருடைய மனுவையோ மாதிரிக்குப் படித்துக் காட்டுகிறேன் என்று நினைத்திருக்கிறார் மனுஷன்.

"அப்பா, அந்தப் பையன் நான்தான்" என்றான் செல்லன்.

பொன்னன் மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப செத்துப்போனது நானுங்களா?"

எழுதுவதில் அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று நான் இழுத்தேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டு நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மை தடவின விரலை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டார்.

"செத்தவன் ரேகை வெக்கக் கூடாதுங்க" என்றார்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. தாளின் அடியில் 'தகப்பனார் கையொப்பம்' என்று அச்சடித்திருக்கிறது. மேலே முதல் வரியில் தகப்பனாரைச் சிவலோகத்துக்கு அனுப்பிவிட்டு, கீழே அவரிடமே கைநாட்டுக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இருந்த ஒரே தாள். அதில் அழியாத மை.

செல்லன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். வேறு தாள் வாங்கி வருவது என் பொறுப்பு என்று சொல்லிவிட்டு, கடையைக் கட்டிக்கொண்டு மலையிறங்கினேன்.

3. நாமக்கல்லில் எனக்கு இருந்த பெயர்

பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடின பஸ் நின்று நின்று என்னை நாமக்கல் கொண்டுபோய்ச் சேர்த்தது. கமிட்டி ஆபீசில் இருந்த குமாஸ்தா தாலுகா ஆபீசிலும் வேலை பார்க்கிறவர். என் மனுக்களெல்லாம் அவர் கை வழியாகத்தான் போகும் என்பதால், என் பெயரைச் சொன்னால் எழுந்து நிற்பார் என்றே நினைத்தேன். எழுந்துதான் நின்றார்.

"அடடே, எமதர்மராஜா வாங்க" என்றார். "கொல்லிமலையில ஆம்பளைங்க யாராச்சும் மிச்சம் இருக்காங்களா, இல்ல எல்லாரையும் முடிச்சிட்டீங்களா?"

விசாரித்தால், ஒரே ஆளுக்கு இரண்டு தடவை அப்பாவைச் சாகடித்திருக்கிறேனாம், பட்டாவுக்கு ஒரு தடவை, துப்பாக்கி லைசென்சுக்கு ஒரு தடவை. மத்தியான டிபன் வேளையில் என் மனுக்களை உரக்கப் படித்துச் சிரிப்பது அங்கே வழக்கமாம். சந்தையில் அழுதார்கள், ஆபீசில் சிரித்தார்கள். நடுவில் நான் ஒருத்தன் என்னைப் பெரிய எழுத்தாளன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மனசு விட்டுப்போய்விட்டது. மானம் போகிறதே என்றுகூட இல்லை, இத்தனை பேர் காரியத்தைக் கெடுத்தேனே என்றுதான் வேதனை.

விஷயத்தைச் சொல்லிக் கெஞ்சியதில் அவருக்கு இரக்கம் பிறந்தது. கமிட்டிக் காரியதரிசி அழுகையைப் படித்துப் படித்து அலுத்துப்போயிருக்கிறார், பையன் யார், எதற்குப் படிக்கிறான், அதை மட்டும்தான் தேடுகிறார் என்று சொல்லி இன்னொரு தாளை எடுத்தார். கொடுக்கும்போது, இதிலும் யாரையாவது கொன்றால் இனித் தாள் கிடையாது என்றார்.

4. செல்லன் எழுதியது

தாளை வளப்பூர் நாட்டில் பொன்னன் வீட்டுக்கே கொண்டுபோய்ச் செல்லனிடம் கொடுத்தேன். மைக்கூட்டைத் திறந்து வைத்ததோடு என் வேலை முடிந்தது. அவன் முற்றத்துப் பலாமரத்தடியில் உட்கார்ந்து எழுதினான். எழுதினதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினான். நெஞ்சில் நின்றதை மட்டும் சொல்கிறேன்:

"என் தகப்பனார் உயிரோடு இருக்கிறார். எங்கள் வீட்டில் சோறு இருக்கிறது, காசு இல்லை. எங்கள் சந்தையில் மனு எழுதுகிறவர் ஒருவர் இருக்கிறார். நல்லவர். எங்களுக்காக மிகவும் அழுவார். ஆனால் எங்களிடம் எதுவும் கேட்க மாட்டார். மரம் போனதென்று சொல்ல வந்தவனும் அப்பாவைச் சாகக் கொடுத்தால்தான் சர்க்கார் காதில் விழும் என்று எங்கள் ஜனங்கள் நம்புகிறார்கள். உள்ளதை உள்ளபடி எழுதிக் கேட்க எங்கள் மலைக்கு ஓர் ஆள் வேண்டும். அதற்குத்தான் படிக்க விரும்புகிறேன்."

எனக்குச் சுருக்கென்றது. அந்த வரிகளைக் கொஞ்சம் மாற்றலாமே என்று சொல்லிப் பார்த்தேன்.

"இதுல எது பொய்யிங்க?" என்றான் மரியாதையாகவே.

பொன்னன் தானாகவே விரலை நீட்டினார்.

5. காரியதரிசி முன்னால்

கமிட்டியிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். பொன்னன், செல்லன், நான், மூன்று பேரும் நாமக்கல் போனோம். முதலில் செல்லன் மட்டும் உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் குமாஸ்தா வந்து என்னைக் கூப்பிட்டார். காரியதரிசி வயதானவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். கையில் செல்லனின் தாள்.

"இந்தப் பையன் குறிப்பிட்டிருக்கிற மனு எழுதறவர் நீங்கதானா?"

ஆமாம் என்றேன்.

"இவ்வளவு தெளிவா ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் எழுத மாட்டான். எல்லாரும் அப்பாவைச் சாகடிச்சு எழுதறாங்க, அது எடுபடலேன்னு தெரிஞ்சு, நீங்க உங்களையே திட்டி எழுதிக் குடுத்திருக்கீங்க. நல்ல யுக்தி. ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா இது பையனோட எழுத்து இல்லேன்னா, உபகாரச் சம்பளம் கிடையாது."

செல்லன் சுவரோரம் நின்றிருந்தான். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. என் மனுக்களில் எத்தனையோ கண்ணீர் விட்டிருக்கிறேன், நிஜமான கண்ணீரை அன்றைக்குத்தான் பக்கத்தில் பார்த்தேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். "ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க" என்று படித்த மனுஷர் ஒருவர் சொன்னதும், ஒரு நொடி எனக்கு உள்ளே இனித்தது. அந்தப் புத்தி எங்கே போகும்? பிறகு கையைக் கட்டிக்கொண்டு வாயைத் திறந்தேன். பழக்க தோஷத்தில் "திவ்ய சமூகத்துக்கு" என்று வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டுச் சொன்னேன்.

"ஐயா, இதை நான் எழுதியிருந்தா, முதல் வரியிலயே இவங்கப்பா போய்ச் சேர்ந்திருப்பாருங்க."

காரியதரிசிக்குப் புரியவில்லை. வாசலில் நின்ற குமாஸ்தாவுக்குப் புரிந்தது. சிரிப்பை அடக்க முடியாமல், அது சத்தியமான வார்த்தை என்று சொல்லி, தாலுகா ஆபீஸ் கதையை முழுக்க அவிழ்த்து விட்டார். பட்டா, லைசென்சு, எமதர்மராஜா, ஒன்று பாக்கியில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொன்றுக்கும் ஆமாம் போட்டேன். காரியதரிசி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே பொன்னன் படபடப்போடு நின்றிருந்தார். கிடைத்துவிட்டது என்றதும் மகனைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு என் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

விண்ணப்பத்தோடு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். உன் வீட்டில் என்ன இருக்கிறது என்பதை முதலில் எழுது. இல்லாததை அப்புறம் எழுது. எழுதினதை வீட்டில் படித்துக் காட்டு. 'யார் இந்தப் பையன்?' என்று உன் அப்பா கேட்டால், கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுது.

என் ஆயுசில், நன்றாக எழுதியிருக்கிறேன் என்று என்னைப் பாராட்டினவர் அந்தக் காரியதரிசி ஒருத்தர்தான். அந்தப் பாராட்டையும் அங்கேயே, அப்போதே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.