தொட்டியில் ஒரே ஓர் இறால்

பெங்களூர் மர்பி டவுனில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மாடி வீட்டின் ஹாலில், சுவருக்குள் குடைந்தாற்போல ஓர் அலமாரி உண்டு. பெட்டி மாதிரி இருந்த பழைய டி.வி. காலத்தில் கட்டியது. கீழே கடப்பாக்கல் பலகை, மேலே விளக்குக்கு ஒரு ஹோல்டர். எங்கள் டி.வி. தகடு மாதிரி எதிர்ச் சுவரில் தொங்குகிறது என்பதால் அந்த அலமாரியில் இஸ்திரிப் பெட்டியும், ஹெல்மெட்டும், கல்யாணத்துக்கு வந்து இன்னும் பிரிக்காத டின்னர் செட்டும் இருந்தன.

நான் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவள். சம்பளம் போடும் சாப்ட்வேர் தகராறு செய்கிறது என்று கூப்பிடுகிறவர்களைச் சமாதானப்படுத்துவது என் வேலை. காதில் நாள் முழுக்கக் கோபக் குரல்கள், கண்ணுக்கு நேரே ஹெல்மெட். அந்த இடத்தில் உயிருள்ள ஏதாவது இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் வீட்டுக்காரம்மா கீழேயே இருந்தார். அந்தத் தெருவிலேயே பிறந்தவர், ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். நாங்கள் குடி வந்த அன்றே சொல்லிவிட்டார். "நாயி, பூனை, கிளி, கோழி ஒண்ணும் கூடாதும்மா. முடியும் ரெக்கையும் என் வூட்ல பறக்கக் கூடாது." மீனுக்கு முடியும் இல்லை, ரெக்கையும் இல்லை என்பதை நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

கடைகளில் விற்கும் தொட்டிகள் எதுவும் அந்த அலமாரிக்குச் சரிப்படவில்லை. ஒன்று உள்ளே நுழையாது, அல்லது இரண்டு பக்கமும் இடம் விட்டு, பெரிய சட்டை போட்ட சின்னப் பையன் மாதிரி நிற்கும். அதனால் நானே கண்ணாடி வெட்டி ஒட்டிச் செய்வது என்று முடிவெடுத்தேன். வீடியோக்களில் எல்லாரும் சிரித்துக்கொண்டே செய்தார்கள்.

என் கணவர் லிஃப்ட் சர்வீஸ் செய்கிறவர். எந்த எடையையும் ஆள் கணக்கில்தான் சொல்வார். பிரிட்ஜ் ஓர் ஆள், அரிசி மூட்டை அரை ஆளுக்குக் கொஞ்சம் குறைவு. நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, "தண்ணியோட சேத்தா ரெண்டு ஆள் வரும். இந்தக் கல்லு ரெண்டு ஆள் தாங்குமா?" என்றார்.

"எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"ரெண்டு ஆள் ஏறித்தான்."

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை காலையில் நாங்கள் இருவரும் முழங்காலை மடக்கிக்கொண்டு அலமாரிக்குள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். கல் அசையவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் இருந்து பார்க்கலாம் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, காவேரித் தண்ணீர் இன்று வராது, மோட்டார் போட வேண்டாம் என்று சொல்ல வீட்டுக்காரம்மா உள்ளே வந்தார். கதவு திறந்துதான் இருந்தது.

"இன்னாம்மா, வூட்ல சேர் இல்லியா?"

"வெயிட் செக் பண்றோம் ஆன்ட்டி. இங்க ஒரு தொட்டி வெக்கலாம்னு..." என்று ஆரம்பித்தேன். அதே நேரம் மரியாதைக்காக எழுந்திருக்கப் பார்த்த கணவரின் தலை ஹோல்டரில் இடித்து, அவர் போட்ட சத்தத்தில் நான் சொன்னது பாதி அமுங்கிப்போனது.

வீட்டுக்காரம்மா முகம் மலர்ந்துவிட்டது. "தொட்டிலா! சொல்லவே இல்லியே! எத்தினி மாசமாச்சு?"

தலையைத் தேய்த்துக்கொண்டிருந்த கணவர், நாங்கள் திட்டம் போட்டு எத்தனை மாதம் என்று கேட்பதாக நினைத்து, "மூணு மாசமாச்சு ஆன்ட்டி. இப்பத்தான் தைரியம் வந்துச்சு" என்றார்.

"மூணு மாசத்துல இப்படி ஏறிக் குந்தலாமா? எறங்கு மொதல்ல!" என்று என் கையைப் பிடித்து இறக்கினார். "என்னா வேணா வெச்சுக்கோ. ஆணி அடிக்கணும்னாலும் அடி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

'தொட்டில்' என்றதை அவருடைய பேச்சுவழக்கு என்று எடுத்துக்கொண்டு, மீன் தொட்டிக்கு இவ்வளவு நல்ல மனசோடு அனுமதி கொடுக்கும் வீட்டுக்காரர் பெங்களூரிலேயே வேறு யாரும் இருக்க மாட்டார்கள் என்று பேசிக்கொண்டோம். மறுநாள் மாதுளம்பழமும் முருங்கைக்கீரையும் கொண்டுவந்து கொடுத்தார். அதற்கு அடுத்த நாள் பேரீச்சம்பழம். கணவர் எல்லாவற்றையும் சந்தோஷமாகச் சாப்பிட்டார்.

அடுகோடியில் ஒரு கண்ணாடிக் கடையில் அளவு சொல்லி வெட்டி வாங்கி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கியபோதுதான் விஷயம் உடைந்தது. வாசலில் நின்ற வீட்டுக்காரம்மா ஐந்து கண்ணாடிப் பலகைகளையும் பார்த்தார்.

"தொட்டிலுக்கு எதுக்கும்மா கண்ணாடி?"

"உள்ள மீன் தெரியணுமே ஆன்ட்டி."

அவர் என் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். ஆட்டோக்காரர் மீட்டரைத் தட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"அப்ப நான் குடுத்த மாதுளம்பழம்?"

"அவர் சாப்டுட்டாரு ஆன்ட்டி."

கொடுத்த வாக்கை வாபஸ் வாங்குகிற ஆள் இல்லை அவர். "சரி. ஆனா ஒரு சொட்டு என் சீலிங்ல எறங்கக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் வெட்கத்தில் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். மாதுளம்பழத்துக்குப் பதிலாக என்ன கொடுப்பது என்று பிறகு ரொம்ப நேரம் யோசித்தோம். எதுவும் பொருத்தமாகத் தோன்றவில்லை.

ஒட்டும் வேலை சமையலறைத் தரையில் நடந்தது. சிலிக்கான் காயும்போது வினிகர் வாசனை அடிக்கும் என்று வீடியோவில் யாரும் சொல்லவில்லை. வீடு முழுக்க ஊறுகாய் ஜாடி மாதிரி மணத்தது. கணவருக்கு அந்த வாரம் முழுக்கப் பசித்தது. முதல் தடவை பாத்ரூமில் வைத்துத் தண்ணீர் நிரப்பினேன். ஒரு மூலையில் மெல்லியதாகக் கசிந்தது. பிளேடால் எல்லாவற்றையும் அறுத்துப் பிரித்து, சுரண்டித் துடைத்து, மறுபடியும் ஒட்டினேன். இந்த முறை சிலிக்கானைத் தாராளமாகப் போட்டதில், அடியில் விரித்திருந்த செய்தித்தாள் தொட்டியோடு ஒட்டிக்கொண்டது. ஈரத்துணியால் தேய்த்தேன், கத்தியால் வழித்தேன், ஒரு பகுதி வரவே இல்லை. அது வரன் தேடும் பக்கம். தொட்டிக்குள் குனிந்து பார்த்தால், 'நற்குணமுள்ள மணமகள் தேவை, ஜாதி தடையில்லை' என்று தெளிவாகப் படிக்க முடிந்தது.

"மணலு போட்டா மறைஞ்சிடும்" என்றார் கணவர். ஆனால் இரண்டு நாள் அவரே குனிந்து குனிந்து, மற்ற வரன்களையும் படித்துக்கொண்டிருந்தார்.

தொட்டி கசியவில்லை. கல் தாங்கியது. மணலைக் கழுவிப் போட்டு, தண்ணீர் நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டு, விளக்கைப் போட்டதும் அந்த ஹெல்மெட் மூலை வேறு வீடாகிவிட்டது. ஆனால் உடனே மீன் விடக் கூடாது. மீனின் கழிவில் வரும் நஞ்சைத் தின்று தீர்க்கிற கிருமிகள் முதலில் அந்தத் தண்ணீரில் பெருக வேண்டும், அதற்குச் சில வாரங்கள் ஆகும். அந்தக் கிருமிகளுக்கும் சாப்பாடு வேண்டும். அதற்கு, எதையாவது உள்ளே போட்டு அழுக விட வேண்டும். ஓர் இறால் போதும் என்று படித்தேன்.

அல்சூர் பக்கம் ஒரு மீன்கடைக்குப் போனேன். கடைக்கார அம்மாள் தராசில் அள்ளிப் போடத் தயாராக நின்றார்.

"ஒண்ணு போதும்" என்றேன்.

"ஒரு கிலோவா?"

"ஒரு இறால்."

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "யாருக்குனா உடம்பு சரியில்லியா?" என்று கேட்டார் அந்த அம்மாள், இரக்கத்தோடு. இல்லை என்றேன். "உரிச்சுத் தரவா?" வேண்டாம், ஓட்டோடு இருக்கட்டும் என்றேன். "நல்லா பிரெஷ்ஷா இருக்குது பாரு, இன்னிக்குக் காலையில வந்தது."

உண்மையைச் சொன்னால் சரியானதைக் கொடுப்பார் என்று நினைத்தேன். "ரொம்ப பிரெஷ்ஷா வேணாங்க. சீக்கிரம் அழுகற மாதிரி ஒண்ணு இருந்தா குடுங்க."

அவர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "என் கடையில அழுகனது கேட்டு வந்த மொத ஆளு நீதாம்மா" என்றார். "இத்தினி வருசமா இங்க யாவாரம் பண்றேன்." நான் எவ்வளவோ விளக்கினேன். கிருமி, தொட்டி, தண்ணீர் பழுப்பது என்று சொல்லச் சொல்ல அவர் முகம் இன்னும் இறுகியது. கடைசியில் இருப்பதிலேயே பெரிய இறாலாக, பளபளவென்று இருந்த ஒன்றை எடுத்து, காசு வாங்காமல் என் பையில் போட்டார். தானமாகத்தான் போட்டார் என்று நினைக்கிறேன்.

அதை மணல் மேல் வைத்தேன். விளக்கு வெளிச்சத்தில் அழகாகவே இருந்தது.

மறுநாள் மத்தியானம் வீட்டுக்காரம்மா சீலிங்கில் ஈரம் இறங்குமா என்று பார்ப்பதற்காக மேலே வந்தார். தொட்டியின் முன் நின்றார். வார்டில் நின்று பழகிய நிற்றல் அது, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.

"எப்போலேர்ந்து ஆடாம கெடக்குது?"

"வாங்கினதிலிருந்தே ஆன்ட்டி."

"சாப்டுச்சா?"

"இல்ல ஆன்ட்டி. அது..."

அதற்குள் என் வேலைப் போன் அடித்தது. எங்கோ ஒரு கம்பெனியில் யாருக்கோ சம்பளம் இரண்டு முறை ஏறிவிட்டதாம். நான் ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணாலேயே மன்னிப்புக் கேட்டேன். குரல் தழுதழுத்தது போல் அவருக்குக் கேட்டிருக்கும். அன்று எனக்குச் சளி. அவர் என் தோளைத் தட்டிவிட்டு இறங்கிப் போனார்.

சாயங்காலம் கணவர் வேலையிலிருந்து வந்தபோது, கேட் அருகே பக்கத்து வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மனச தேத்திக்கோங்க சார்" என்றிருக்கிறார். படிக்கட்டின் கீழே இன்னொருவர், "பாவம், மேடம் அழுதுட்டே போன்ல பேசிட்டு இருந்தாங்களாம்" என்றிருக்கிறார். கணவர் ஷூவைக் கூடக் கழற்றாமல் ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"யாரு?" என்றார் வாசலிலேயே.

"என்ன யாரு?"

"போனது யாரு? ஊர்லயா? எங்க அப்பாவா?"

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "இறாலுங்க" என்றேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பை அடக்க முடியாமல் இருக்கும்போதே வீட்டுக்காரம்மா ஒரு பிளாஸ்கில் காபியோடு வந்துவிட்டார். துக்க வீட்டில் அடுப்பு மூட்டியிருக்க மாட்டார்கள் என்று போட்டுக்கொண்டு வந்த காபி. நாங்கள் இருவரும் எழுந்து நின்று, அது வாங்கும்போதே செத்ததுதான், சாகடித்து விற்பதுதான், குழம்புக்கு வாங்குவதுதான் என்று மாறி மாறிச் சொன்னோம்.

"செத்ததயா உன் தலையில கட்டிட்டாங்க? வா, போய்க் கேக்கலாம்."

"இல்ல ஆன்ட்டி, நான்தான் அழுக விடறேன். கிருமி வளரணும்."

அவர் பிளாஸ்கை மேஜை மேல் வைத்தார். "என் சர்வீஸ் பூரா கிருமிய கொன்னேன்மா" என்றார் மெதுவாக. "என் வூட்டு மாடியிலயே வளக்கறியா?" ஆனால் கோபம் இல்லை. நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று நான் சொன்னதைக் கவனமாகக் கேட்டார். சந்தேகமும் கேட்டார். போகும்போது காபியை விட்டுவிட்டுத்தான் போனார்.

அடுத்து வந்த வாரம் மோசமான வாரம். தண்ணீர் பால் மாதிரி கலங்கியது, இறால் பஞ்சு போர்த்திக்கொண்டது, வினிகர் வாசனைக்கே நாங்கள் ஏங்கும்படி ஒரு நாற்றம். கணவரின் பசி நின்றது. வீட்டுக்காரம்மா தினமும் வந்து, "இன்னிக்கு எப்படி இருக்குது?" என்று கேட்டுவிட்டுப் போனார். சில வாரம் கழித்து ஒரு நாள் காலையில் பார்த்தால் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தது. பரிசோதனைச் சொட்டு மருந்திலும் நஞ்சு இல்லை என்றே வந்தது. அந்த வார இறுதியில் ஆறு கப்பி மீன்கள் வந்தன. தெருவிலிருந்து பார்க்க வந்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். "இத்துனூண்டுக்கா இவ்ளோ ரகளை?" என்று ஒருவர் கேட்டார்.

மீன் வந்த பிறகு வாராவாரம் கால் பங்குத் தண்ணீரை மாற்ற வேண்டும். முதல் முறை பழைய தண்ணீரை வாளியில் எடுத்துக்கொண்டு இறங்கியபோது வீட்டுக்காரம்மா படியில் வழி மறித்தார். டேங்கர் தண்ணீரை அளந்து விடுகிற நாட்கள் அவை. "சும்னே சாக்கடையில ஊத்துவியா? குடு இப்படி" என்று வாங்கி, படிக்கட்டில் பெயின்ட் டப்பாக்களில் வைத்திருந்த ரோஜாச் செடிகளுக்கு ஊற்றினார். இரண்டு மாதத்தில் அந்தச் செடிகள் பூத்த பூப்பைப் பார்த்து அக்கம்பக்கத்தில் கிளை கேட்டு வந்தார்கள். அதன் பிறகு அவரே ஞாயிறுதோறும் வாளியோடு மேலே வர ஆரம்பித்தார்.

"இந்த வாரம் தண்ணி லைட்டா இருக்குதே" என்பார் வாளிக்குள் பார்த்து. "மீனுக்கு நல்லா சாப்பாடு போடறியா? சரியா வெளிக்குப் போகுதா?"

"அளவாத்தான் போடணும் ஆன்ட்டி."

"ஆறும் நோஞ்சான். ஆறும் சேந்து எவ்ளோ போயிடும்?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வாளியில் எதையோ சுமந்துகொண்டு வந்தார். மேலே தட்டு மூடி, அதன் மேல் அம்மிக் குழவி. "தொற" என்றார். நான் தட்டை நகர்த்தியதும் உள்ளே முழங்கை நீளத்துக்கு ஓர் உயிருள்ள விரால் வாலால் ஓங்கி ஓர் அடி அடித்தது. என் நைட்டி முழுக்கத் தண்ணீர்.

"மார்க்கெட்ல உசுரோட விக்கறான். இத்த உள்ள வுடு. ஒண்ணே ஒண்ணு, ஆறுக்குச் சமமா போவும்."

அது அந்த ஆறையும் ஒரே மூச்சில் தின்றுவிடும், பிறகு தொட்டியை விட்டுத் துள்ளி ஹாலுக்குள் வந்துவிடும் என்று நானும் கணவரும் மன்றாடினோம். அவர் விராலைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். "அப்ப கொழம்பு வெச்சிட வேண்டிதுதான்" என்றார், ஆனால் அதைச் சொல்லும்போது குரலில் உறுதி இல்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

குழம்பு வாசனை வரவில்லை. இரண்டு நாள் கழித்துக் கீழே போனேன். துணி துவைக்கும் இடத்தில், தண்ணீர் பிடித்து வைக்கும் நீல டிரம் பக்கத்தில் ஸ்டூல் போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். மூடி பாதி திறந்திருந்தது. பட்டப்பகலில் கையில் டார்ச்.

"இதுலயா ஆன்ட்டி இருக்குது?"

"பின்ன? அதுக்கும் ஒரு எடம் வேணுமில்ல?"

நானும் குனிந்து பார்த்தேன். டிரம்முக்குள் ஒன்றும் தெரியவில்லை. கருத்த தண்ணீர், டார்ச் வெளிச்சம், எங்கள் இரண்டு பேரின் முகங்கள். அவர் டார்ச்சைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். அடியிலிருந்து ஒரு குமிழி மேலே வந்து உடைந்தது.

"பாத்தியா?" என்றார் என் முழங்கையைப் பிடித்து.

"பாத்தேன் ஆன்ட்டி."

"சரி, போதும். அதுக்குக் கண்ணு கூசும்" என்று மூடியைப் போட்டு, மேலே குழவியை வைத்தார்.