செவ்வாய்க்கும் அந்தோணியாருக்கும் ஒரே கிழமை

மூக்குக்குள் எப்போதும் பஞ்சு. தும்மினால் அன்று ஓடிய பனியன் துணியின் நிறம் கைக்குட்டையில் தெரியும்... மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில், தைத்து வருவதில் குறை பார்க்கும் செக்கிங் டேபிளில் நான் நின்ற காலம்.

எனக்கு இருபத்து நான்கு வயது. ஜாதகத்தில் செவ்வாய் தோஷம். வந்த மூன்று வரன்களும் காபியைக் குடித்துவிட்டு, கட்டத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனவர்கள்தான்.

நான்காவதாகத் தாராபுரத்திலிருந்து ஒருவர் வந்தார். போகும்போது வாசலில் நின்று, "நாள் முச்சூடும் நின்னுட்டே வேல செய்யறது கஷ்டமில்லீங்களா?" என்று என்னிடமே கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. ஒளிப்பானேன், ரொம்பவே பிடித்துப்போயிற்று.

"தை பொறந்ததும் சொல்றமுங்க" என்று ஜாதகத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். அப்போது ஐப்பசி.

எங்கள் ஜோசியர் பரிகாரம் சொன்னார். ஒன்பது செவ்வாய்க்கிழமை முருகன் கோவிலில் சிவப்புத் துணியில் துவரை முடிந்து வைத்து, ஒன்பது சுற்று. கம்பெனியிலோ ஒரு மணி நேரம்தான் பெர்மிஷன். அந்தக் கோவிலுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும்...

என் டேபிளுக்குப் பக்கத்தில், ஓரம் தைக்கும் ஓவர்லாக் மிஷினில் ஸ்டெல்லா அக்கா. தூத்துக்குடிப் பக்கம். என்னைவிட ஐந்து வயது மூத்தவர்.

"செவ்வாக்கெழமதானட்டி வேணும்? எங்க அந்தோணியாருக்கும் அதே கெழமதான். நடந்து போற தூரம். பதிமூணு வாரம் எங்கூட வா."

ஒன்பதைவிடப் பதிமூன்று அதிகம்தானே என்று கிளம்பிவிட்டேன்.

முதல் வாரமே மானம் போனது. முற்றத்தில் தனியாக நின்ற அந்தோணியார் சிலையின் காலடியில் துவரை முடிச்சை வைத்தேன். பிறகு நவகிரகத்தைச் சுற்றுவதுபோல் அவரைச் சுற்ற ஆரம்பித்தேன். நான்காவது சுற்றில் திரும்பிப் பார்த்தால், பின்னால் ஆறு பேர் சுற்றி வருகிறார்கள்! ஏதோ புது வேண்டுதல் என்று நினைத்துவிட்டார்கள் போல. அக்கா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

கோவிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் வந்து முடிச்சை எடுத்தார்.

"என்ன கண்ணு இது?"

"துவரைங்க... செவ்வாய்க்குங்க."

முடிச்சைக் கையில் தூக்கி எடை பார்த்தார். "அடுத்த வாரமும் கொண்டாங்க கண்ணு. இங்க செவ்வாக்கெழம சாம்பார் சோறு போடறமில்ல, அதுக்காவும்."

பதிமூன்று வாரமும் செவ்வாய் பகவானின் துவரை அந்தோணியார் கோவில் சாம்பாரில் வெந்தது. இரண்டு பேரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

தை பிறந்தது. தாராபுரத்திலிருந்து தகவல் வந்தது. பொருத்தம் இல்லையாம்.

மறுநாள் ஆத்திரம் முழுவதையும் அக்காவிடம் கொட்டினேன். "உங்க சாமியும் கைய விரிச்சுருச்சுங்கக்கா!" மிஷின் சத்தத்துக்கு மேல் கத்தினேன். அக்கா நிமிரவில்லை. தைத்துக்கொண்டே அழுதார்.

சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். "பதிமூணு வாரமும் நான் ஒனக்காவத்தாம்ட்டி கேட்டேன். எனக்குன்னு ஒண்ணும் கேக்கல."

அக்காவுக்கு இருபத்தொன்பது வயது, அவருக்கும் எந்த வரனும் அமையவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பக்கத்திலேயே மண்டியிட்டிருந்தவரிடம், உங்களுக்கு என்ன வேண்டுதல் என்று ஒருமுறைகூட நான் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

பிறகு எனக்கும் கல்யாணம் ஆனது, அக்காவுக்கும் ஆனது. அவரவர் நேரத்தில்.

இப்போது என் மகளுக்கு வரன் பார்க்கிறோம். பெங்களூரில் வேலை, தனி ரூம். செல்போன் ஆப்பில் பிறந்த நேரத்தைப் போட்டால் இரண்டு நொடியில் கட்டம் வந்துவிடுகிறது. அவளுக்கும் செவ்வாய். "இதெல்லாம் ஒரு மேட்டராம்மா?" என்று போனில் சிரிக்கிறாள். எனக்கும் அந்தப் பயம் எப்போதோ போய்விட்டது.

பேச்சுவாக்கில், "ஆபீஸ்ல பக்கத்து சீட்ல யாரு கண்ணு?" என்று கேட்டேன்.

"டெய்லி வேற வேற ஆளும்மா. எல்லாரும் ஹெட்போன் போட்டிருப்பாங்க."

அதைக் கேட்டதிலிருந்துதான் கொஞ்சம் பயமாக இருக்கிறது...