ஒற்றைக் கோட்டை நம்பியவன்

சண்டைக் காலம். நான் யாழ்ப்பாணத்தான், கண்டியில் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. குண்டசாலையில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தேன். அவரை நானா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய ஒன்பது வயது மகளுக்கு மூன்றாம் நாளாகக் காய்ச்சல் விடவில்லை. டெங்குவை வீட்டிலேயே பார்க்கும் சோதனைத் தட்டு அப்போதுதான் வந்திருந்தது. ஒரு சொட்டு இரத்தம், கால் மணி நேரம். இரண்டு கோடு விழுந்தால் டெங்கு. அதில் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். அடையாள அட்டையில் பிறந்த ஊர் யாழ்ப்பாணம், பையில் வெள்ளிக் கடதாசிப் பொட்டலமும் மருந்துக் குப்பியும். விடுவான்களா பாவிகள்? பொலிஸில் அடைத்தார்கள். குண்டு இல்லை என்று நிரூபிக்க, பொட்டலத்தோடு இருந்த துண்டுத்தாளை என் ஓட்டைச் சிங்களத்தில் வரி வரியாகச் சொன்னேன். காய்ச்சல் தொடங்கி முதல் சில நாட்களுக்குள் பார்த்தால்தான் சரி வரும் என்ற வரியையும் இந்த வாயால்தான் சொன்னேன்.

காய்ச்சலின் ஆறாம் நாள் காலையில் பையைத் திருப்பித் தந்து என்னை வெளியே விட்டார்கள். வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. காய்ச்சல் விட்டிருந்தாலும் பிள்ளை துவண்டு கிடக்கிறாள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்றார் நானா.

"பொறுங்கோ நானா, ஒருக்கால் பாப்பம்."

பார்த்தேன். ஒற்றைக் கோடு.

"ஒண்டும் இல்லை. டெங்கு இல்லை."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று நானா ஆட்டோவைத் திருப்பி அனுப்பினார். காய்ச்சல் விட்டதென்று தாய் பிள்ளைக்குத் தலைக்கு வார்த்தாள். நான் மேலே போய்ப் படுத்துத் தூங்கினேன். படித்த மாடு!

மறுநாள் மத்தியானம் பிள்ளைக்கு மூக்கால் இரத்தம் வந்தது. போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. டெங்குதான் என்றார் ஆஸ்பத்திரி டொக்டர். அப்போதுதான் அந்தத் துண்டுத்தாள் என் மரமண்டையில் உறைத்தது.

ஜனாஸா எடுத்த பிறகு நானா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"அவனுகள் உங்களப் புடிச்சு வெக்காம இருந்திருந்தா எங்கட புள்ள மௌத்தாகியிருக்க மாட்டாளே தம்பி!"

அவர்கள் செய்ததும் அநியாயம்தான். ஆனால் வாசலில் நின்ற ஆட்டோவைத் திருப்பியது அவர்கள் இல்லை.

"ஓம் நானா" என்றேன்.

அந்த வீட்டில் இன்னும் இரண்டு வருடம் இருந்தேன். நோன்புக் கஞ்சி முதலில் எனக்குத்தான் வரும்.