எடை போதாத பாம்பு

அஸ்தினாபுரத்தில் ஒருவரிடம் ‘பால் பைத்தான்’ என்கிற ஆப்பிரிக்க மலைப்பாம்பில் ஆண் ஒன்று இருப்பதாக ஆர்குட் நண்பன் சொன்னான். இணை சேர்க்கலாம் என்று என் பெண் பாம்பைத் தலையணை உறையில் போட்டு எடுத்துப் போனேன். அவருக்கு நரைத்த மீசை, கட்டம் போட்ட லுங்கி. எதைத் தொட்டாலும் கண்ணை மூடிக்கொள்வார். அப்படித்தான் பாம்பையும் தடவிப் பார்த்தார்.

“முதுகெலும்பு கைல தட்டுது. இப்போ வேணாம் சார்.”

“மூணு வயசாச்சே, போதாதா?” எனக்கு எரிச்சல்.

“வயசை வெச்சு என்ன பண்றது? உடம்பு வேணும்ல? இப்போ முட்டை வெச்சா செத்துடும். நீங்கல்லாம் எதுக்கு சார் பாம்பு வளக்கறீங்க?”

அவர் மகள் டீ கொண்டுவந்தாள். கை குச்சி மாதிரி இருந்தது. ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள், அடுத்த மாதம் கல்யாணம் என்று அவரே பெருமையாகச் சொன்னார்.

“அதுக்குள்ள என்ன சார் அவசரம்?”

“பதினெட்டு முடிஞ்சிடுச்சே.”

“வயசை வெச்சு என்ன பண்றதுன்னு இப்பதானே சொன்னீங்க?”

“பாம்பும் பொண்ணும் ஒண்ணா சார்?” என்று என்னை முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அந்தப் பெண் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கோபத்தோடு கிளம்பி வந்தேன். ஆனால் என் பாம்பின் மேல் அவர் காட்டிய அக்கறை பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை புரியவில்லை.